கேட்டுக்கு அடிச்ச பச்சை

ஒரு மனுசன் தன் வீட்டுல கெடக்க சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கது குத்தமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அதான் உங்ககிட்டக் கேக்கேன். தெரிஞ்ச ஆளுக அத்தனை பேரும் அவ பக்கம் போயாச்சு. பெத்த மகளும் சேத்துத்தான்.

அவன்னா, என் வீட்டுக்காரி. எப்சிபா. கிறிஸ்துமஸுக்கு முந்தி கோவிச்சுக்கிட்டு நாகர்கோவில்ல தங்கச்சி வீட்டுல போய் உக்காந்தவதான். இன்னும் வரல. நான் போய் ஒரு தடவை கூப்பிட்டாச்சு. இப்ப ரெண்டாந்தடவை போயிக்கிட்டு இருக்கேன். ரெண்டாந்தடவை! எங்க பரம்பரையில எவனும் பொண்டாட்டியை ரெண்டாந்தடவை கூப்பிடப் போனது கிடையாது.

நீங்களும் நாகர்கோவில்தானே? அப்ப சரி. நேரம் இருக்கு.

என் பேரு பொன்சிங். பாளையங்கோட்டையில பி.டி. வாத்தியாரா இருந்தேன். போன மே மாசம் ரிட்டயர்டு. சர்வீஸ்ல இருந்தப்ப நான் விசில் ஊதுனா மைதானத்துல காக்காகூட வரிசையில நிக்கும். சும்மா பெருமைக்குச் சொல்லல. அப்பேர்ப்பட்ட ஆளு, இன்னிக்குத் துணிப் பையை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போறேன். எதுக்கு? ஒரு கிதாருக்கு.

கிதார்னா தெரியும்லா? கோயில்ல பாட்டுக் குழுவுல வாசிப்பாங்களே, அது. இது கரண்டு கிதார். வயித்துல ஓட்டை இருக்காது, கட்டையாட்டம் இருக்கும். ஒயரைப் பொட்டியில சொருகினாத்தான் சத்தமே வரும். அந்தக் கட்டையைத்தான் என் பொண்டாட்டி ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போது தூக்கிட்டு வந்தா.

அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல கிளார்க்கு வேலை. ரிட்டயராக இன்னும் வருசம் கெடக்கு. காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கிளம்பிருவா. நான் வீட்டுல. எங்க தெருவுல பகல்ல வீட்டுல இருக்க ஆம்பளை நான் ஒருத்தன், கேஸ் சிலிண்டர் போட வாரவன் ஒருத்தன். பேப்பரை எத்தனை தடவைதான் படிக்க? சாயங்காலம் அவ வருவா, நாலு வார்த்தை பேசுவோம்னு கேட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா, அவ ஆட்டோவுல இருந்து எறங்குதா, கையில ஒரு கருப்புக் கட்டை. அவ ஆபீஸ்ல வேலை பாக்க ஒரு அம்மாவுக்கு மகன் இருக்கான்லா, காலேஜ் முடிச்சு ஊரை விட்டுப் போறான், அதனால வித்துட்டான். இவ வாங்கிட்டா.

"என்னட்டி இது?"ன்னு கேட்டேன்.

"கிதார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

எனக்குத்தான்! வயசு என்ன ஆச்சு! மக ஷைனிக்குக் கல்யாணம் முடிஞ்சு பெங்களூர்ல பேரன் இருக்கான். இவளுக்குக் கிதார். "உனக்கு எப்பலேர்ந்து இந்தக் கிறுக்கு?"ன்னேன். "முன்னாடியே உண்டு"ங்கா. முன்னாடின்னா எப்ப? எனக்குத் தெரியாம என்ன முன்னாடி? இத்தனை வருசம் கூட இருந்தவனுக்குத் தெரியாம ஒருத்திக்கு ஆசை இருக்குமா அண்ணாச்சி? அதைத்தான் நான் கேட்டேன். அவ செருப்பைக் கழட்டி வச்சிட்டு உள்ள போயிட்டா.

சரி, வாங்கிட்டா. வாசிச்சுட்டுப் போட்டும். செல்லுல பாத்துப் படிச்சா. டொய்ங் டொய்ங்னு ஒரே சத்தம். அதையும் பொறுத்தேன். பொறவு என்ன சொல்லுதா, "இந்தக் கருப்பு எனக்குப் பிடிக்கல, நான் இதைச் சொரண்டி வேற நிறம் போடப் போறேன்"ங்கா. அந்தப் பய அதுல மண்டை ஓடு ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி வச்சிருந்தான். மூலையில பெயிண்டு பேந்து கெடந்துச்சு. நான் சொன்னேன், "புதுப்பேட்டைத் தெருவுல பெயிண்டர் இருக்கான், ஒரு நாள்ல அடிச்சுத் தந்துருவான்." அவ கேக்கல. "நானே செய்யணும்"னா.

நானே செய்யணும். இதைக் குறிச்சுக்கிடுங்க.

அன்னிக்குப் பிடிச்சது சனி. மொட்டை மாடியில ஒரு பழைய பெஞ்சைப் போட்டா. கம்பியெல்லாம் கழட்டினா. கிதாரோட நீளக் கழுத்தைத் திருகிக் கழட்டி, அதைப் பழைய சேலையில சுத்திப் பீரோவுல வச்சா, என் வேட்டிக்கு மேல. உள்ள இருக்க ஒயரை எல்லாம் செல்லுல போட்டோ எடுத்துட்டு ஒவ்வொண்ணாப் பிரிச்சா. ஸ்குரூ எல்லாத்தையும் எங்க போட்டா தெரியுமா? இட்லித் தட்டுல. ஒவ்வொரு குழியில ஒவ்வொரு சைஸு. நான் அடுப்படியில போய் மூடியைத் தொறந்து பாக்கேன், இட்லி இருக்க எடத்துல ஸ்குரூ இருக்கு. "பழைய தட்டுதானே"ங்கா. பழைய தட்டா இருந்தா என்ன, இட்லித் தட்டு இட்லித் தட்டுத்தானே?

பொறவு ஒரு சூடு ஊதுத மெசின். தலை காய வைக்கதுக்குப் பொம்பளைப் பிள்ளைக வச்சிருக்குமே, அந்த மாதிரி, ஆனா நெருப்பாக் கொதிக்கும். யாருகிட்டயோ எரவல் வாங்கிட்டு வந்தா. அதை வச்சுக் கருப்புப் பெயிண்டைச் சூடு பண்ணி, தகட்டை வச்சுச் சொரண்டுவா. அது தோசை ஓரம் மாதிரிச் சுருண்டுக்கிட்டு வரும். நாத்தம்! தெருவே நாறிச்சு. ஆபீஸ் விட்டு வந்ததும் காபியைக் குடிச்சிட்டு மேல ஏறினான்னா வெளிச்சம் போற வரைக்கும் எறங்க மாட்டா. நான் கீழ இருந்து "ஏட்டி, சீரியல் போட்டாச்சு"ம்பேன். "நீங்க பாருங்க"ம்பா. எனக்குச் சீரியல் பிடிக்காது அண்ணாச்சி. அவ பாப்பாளேன்னு நான் பாக்கது.

கருப்பு போனதும் மரம் தெரிஞ்சுது. அப்பயாவது விட்டாளா? உப்புத்தாளை வாங்கிட்டு வந்து தேய்க்க ஆரம்பிச்சா. முதல்ல சொரசொரப்புத் தாளு, பொறவு அதை விட நைசு, பொறவு அதை விட நைசு. ஈரத்துணியால தொடைப்பா, மரத்துல முடி முடியாச் சுணை எந்திரிக்கும், காய விட்டு மறுபடி தேய்ப்பா. மரம் போற போக்குலதான் தேய்க்கணுமாம், குறுக்க தேய்க்கக் கூடாதாம். குழி விழுந்த எடத்துல அந்த மரத்தூளையே பசையில கொழைச்சு அடைச்சா. பொறவு அதைத் தேய்ச்சா. கட்டிக் கொடுத்த நாள்லேர்ந்து என் முதுகை ஒரு நாள் இப்படித் தேய்ச்சிருப்பாளா?

சிரிக்காதீங்க. நான் வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்.

அப்புறம் நிறம் போட்டா. அதுக்கு ஒரு வாரம் சாயத்துல துணியை முக்கி முக்கி ஒத்தி எடுத்தா. முடிச்ச அன்னிக்கு என்னை மேல கூப்பிட்டா. "ஷைனி அப்பா, ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க"ன்னா. மேட்ச் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைசி ஓவர். "பொறவு பாக்கேன்"னேன். மறுநாளும் கூப்பிட்டா. எனக்கு மூட்டுல வலி, மாடிப்படி ஏற முடியுமா? இதெல்லாம் அவ யோசிக்க மாட்டா. பக்கத்து வீட்டு ஆமினா டீச்சர் வந்து பாத்தாங்க. ரெண்டு பேரும் மேல நின்னு கெக்கக்கேன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சரி, பாக்க ஆளு வந்தாச்சுல்லா, நான் வேற எதுக்கு?

நிறத்துக்கு மேல பளபளன்னு ஒரு வார்னிஷு. அதை மெல்லிசா அடிப்பா, காய விடுவா, சோப்புத் தண்ணியில உப்புத்தாளை நனைச்சு அதையே தேய்ப்பா, திரும்ப அடிப்பா. தேய்க்கதுக்கு எதுக்குட்டி அடிக்க, அடிக்கதுக்கு எதுக்குட்டி தேய்க்கன்னு கேட்டா, "அப்பத்தான் தண்ணிக்குள்ள பாக்க மாதிரி இருக்கும்"ங்கா. ஒரு கம்பிக் கொக்கியை மாட்டித் துணி காயப் போடுத கொடியில அதைத் தொங்க விட்டா. பூச்சி ஒட்டிரக் கூடாதுன்னு மேல ஒரு கொசுவலையைப் போட்டா. யாரு கொசுவலை? என் கொசுவலை. நான் கொசுவத்தி வச்சுப் படுத்தேன். கட்டை வலைக்குள்ள தூங்குச்சு.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில ஒரு பாட்டுக்கு அவ வாசிக்கதா ஏற்பாடு. பாட்டுக் குழுத் தலைவரே கேட்டிருக்காரு. பிராக்டீஸுக்கெல்லாம் யாருதோ எரவல் கிதாரை வச்சு வாசிச்சா. வார்னிஷு நல்லா எறுகினதும் மாட்டி, பண்டிகைக்குச் சொந்தக் கிதாரை எடுத்துட்டுப் போகணும்னு திட்டம். அதுக்குள்ள பெங்களூர்ல பேரனுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. லீவைப் போட்டுட்டு அவ கிளம்பினா. போகும்போது என்ன சொல்லிட்டுப் போனா? "மேல துணி எடுக்கப் போனா அதைத் தொட்டுராதீங்க, கைரேகை விழுந்துரும்." அவ்வளவுதான். 'சாப்பிட்டுக்கிடுங்க, மாத்திரை போட்டுக்கிடுங்க' எல்லாம் அதுக்குப் பொறவுதான்.

நான் வீட்டுல ஒத்தையா. பண்டிகை வருதேன்னு கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சேன். நல்ல பச்சை. எங்க பள்ளிக்கூடத்து மைதானத்துப் படிக்கு அடிக்கத அதே பச்சை. அடிச்சு முடிச்சா டப்பாவுல பாதி கெடக்கு. பெயிண்ட் வச்சிருந்தா ஆடை கட்டிப் போயிரும்லா? என்ன செய்யலாம்னு யோசிச்சுக்கிட்டே மேல போனேன். அது தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

எனக்கு என்ன தோணிச்சுன்னா, பாவம், மாசக்கணக்கா இந்தப் பொம்பளை இதைப் போட்டு இந்தப் பாடு படுத்துதா, இன்னும் பெயிண்ட் அடிச்சு முடிக்கல. கையை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கா. நாம முடிச்சு வச்சிட்டா, வந்து பாத்ததும் சந்தோசப்படுவா. ஒரு உதவி. வாழ்க்கையில முதத் தடவையா அவ வேலையில நான் கைகொடுக்கேன். அதுக்கு உலகமே எந்திரிச்சு நின்னு என்னை ஏசுது!

சும்மா ஏனோதானோன்னு அடிக்கல. பெயிண்ட் பிடிக்கணும்னா சொரசொரப்பு வேணும். கேட்டுத் துருவைத் தேய்ச்ச தாளை வச்சு நல்லா தேய்ச்சேன், நெடுக்கயும் குறுக்கயும். பெயிண்ட் கட்டியா இருந்துச்சு, அவ வச்சிருந்த தின்னரையே ஊத்திக் கலக்கினேன். ரெண்டு கோட்டு அடிச்சேன். காஞ்சதும் ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டேன். நூறு மீட்டர் டிராக்குக்கே கோடு போட்டவன் நான், இத்துனூண்டு கட்டைக்குப் போட மாட்டேனா? ஒரு இம்மி வளையல. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பரிசு ஷீல்டுல பேரு எழுதுவேன்லா, அந்த எழுத்துல, வெள்ளையில, நடுவுல பேரு எழுதினேன். என் பேரா எழுதினேன்? இல்ல. அவ பேருதான். "எப்சிபா பொன்சிங்"னு.

இதுக்கு மேல ஒரு புருசன் என்ன செய்ய முடியும்?

அவ வந்தா. பையை நடு வீட்டுல வச்சா. பேரன் நல்லாயிருக்கான்னு சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல, தானாப் பாக்கட்டும்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மேல போனா. ரொம்ப நேரமா ஆளக் காணோம். எறங்கி வந்தா. அடுப்படிக்குப் போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டாந்து வச்சா. வச்சிட்டு, "யாரு பண்ணினது?"ன்னா.

"நான்தான். எப்படி?"ன்னேன்.

என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா அண்ணாச்சி. ஏசல. அழல. கொசுவலையை மடிச்சு என் கட்டில்ல வச்சா. ஊருக்குக் கொண்டு போன பையைப் பிரிக்கக்கூட இல்ல, அதையே தூக்கினா. அந்தக் கட்டையைத் துண்டுல சுத்திக் கக்கத்துல வச்சா. பீரோவுல இருந்து கழுத்தை எடுத்தா. இட்லித் தட்டை ஒரு டப்பாவுல போட்டா. "கெசியா வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டு வாசலைத் தாண்டிட்டா. கெசியாங்கது அவ தங்கச்சி.

சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன். ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பேன், சாயங்காலம் சரியாப் போயிருக்கும். அதுதானே வீடு? ஒண்ணும் சொல்லாமப் போனா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போட? புதுசா அடிச்ச கேட்டுகிட்டயா?

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கோயில்ல எல்லாரும், "சார், அம்மா எங்க? வாசிப்பாங்கன்னு சொன்னாங்களே?"ன்னு கேக்காங்க. சளின்னேன். பொண்டாட்டிக்குச் சளின்னு ஆண்டவர் சந்நிதியில நின்னு பொய் சொன்னேன். அந்தப் பாட்டுக்கு வேற ஒருத்தன் கீபோர்டு வாசிச்சான். பாட்டு நின்னா போச்சு? நல்லாத்தான் இருந்துச்சு. இதுக்கா இவ்வளவு?

மகளுக்குப் போன் போட்டேன். அப்பனுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தா, "அப்பா, நெசமாவே கேட்டு பெயிண்டா?"ன்னு கேட்டா. "ஆமாட்டி"ன்னேன். "பேரு வேற எழுதினீங்களா?"ன்னா. "ஆமா." அப்புறம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிட்டுன்னு நெனச்சேன். கட்டாகல. அவ அழுதுக்கிட்டு இருந்தா. இவ எதுக்கு அழுதா?

புது வருசம் பொறந்ததும் சரி போகட்டும்னு நானே எறங்கிப் போனேன். இதே பஸ்ஸு. கெசியா வீட்டுக்குப் பின்னால ஓடு போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. அங்கன போட்டு அந்தப் பச்சையைச் சொரண்டிக்கிட்டு இருக்கா. காயவே இல்லியாம் அது. மேல காஞ்ச மாதிரி இருந்துட்டு உள்ள பிசினு கணக்கா இருந்திருக்கு. தகட்டை வச்சா நூல் நூலா வருது. எனக்கு அது ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா மறுபக்கம் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? சகலை. வின்ஸு. கெசியா வீட்டுக்காரன். அவன் பேங்க்ல வேலை பாக்கவன். உப்புத்தாளுக்கும் அப்பளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவன் பிடிக்கலாம், நான் தொடக் கூடாது!

"வாட்டி, போவோம்"னேன்.

அவ தகட்டைக் கீழ வச்சா. நெத்தியை முழங்கையால தொடைச்சா. "ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க"ன்னா. "நீங்க பச்சை அடிக்கதுக்கு முன்னாடி இது என்ன நிறத்துல இருந்துச்சு?"

இது என்ன கேள்வி? "மர நிறம்"னேன்.

வின்ஸு தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"நீங்க தேய்ச்சீங்கள்லா? நெடுக்கயும் குறுக்கயும்? கையில தூளு ஒட்டியிருக்கும்லா? கழுவுனீங்கள்லா? தண்ணி என்ன நிறத்துல ஓடிச்சு?"

எனக்கு ஆத்திரம் வந்துட்டு. "நான் என்ன கண்டேன்? நீ என்ன கோர்ட்டுல வச்சா கேக்க?"ன்னு கத்தினேன். மைதானத்துல கத்துவேன்லா, அந்தச் சத்தம். அடுத்த வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சுட்டு. அவ அசையல. "தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க. அப்ப வாரேன்"னு சொல்லிட்டுத் தகட்டை எடுத்துட்டா. கெசியாதான், "அத்தான், சாப்பிட்டுப் போங்க"ன்னு மீன்குழம்பு ஊத்தினா. சாப்பிட்டேன். பசிச்சுது, சாப்பிட்டேன். அதையும் தப்புன்னு சொல்லுவீங்களா?

வீட்டுக்கு வந்தா அந்தக் கேள்வி விட மாட்டேங்குது. பல் தேய்க்கும்போது வருது. பேப்பர் படிக்கும்போது வருது. நான் தேய்ச்சேன், என் கண்ணு முன்னாலதான் தேய்ச்சேன், பக்கெட்டுத் தண்ணியிலதான் கையைக் கழுவினேன். யோசிச்சுப் பாக்கேன், பச்சைதான் தெரியுது. அதுக்கு முந்தி ஒண்ணும் தெரியல. வெள்ளெழுத்து வந்தவனுக்கு மாதிரி அந்த எடம் மட்டும் மங்கலா இருக்கு.

ஆமினா டீச்சர்கிட்டக் கேட்டேன். மதில்கிட்ட நின்னுதான் கேட்டேன், பேச்சுவாக்குல கேக்க மாதிரி. "டீச்சர், அந்தக் கிதாருக்கு எங்க வீட்டுல என்ன கலரு போட்டிருந்தா?" அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "உங்க வீட்டு மாடியில இருந்ததை என்கிட்டக் கேக்கீங்களே சார்"னாங்க. "தெரிஞ்சா சொல்லுங்க"ன்னேன். "தெரியும். ஆனா நான் சொன்னா நல்லாருக்காது"ன்னு துணியை உதறிப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

மககிட்டக் கேட்டேன். "உங்கம்மா உனக்கு போட்டோ அனுப்பியிருப்பாள்லா, அதை எனக்கு அனுப்பு." அனுப்ப மாட்டேன்னுட்டா. "அம்மா அனுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ங்கா. பாத்தீங்களா? முன்னாடியே யோசிச்சு எல்லா வழியையும் அடைச்சு வச்சிருக்கா. இப்பேர்ப்பட்டவளை நான் அப்பாவின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, எங்கயாவது ஒட்டியிருக்கும்லான்னு மாடிக்குப் போனேன். மூட்டு வலியோடதான் போனேன். பெஞ்சைக் கழுவி வச்சிருந்தா. துணியெல்லாம் குப்பையில போயாச்சு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால குனிஞ்சு பாத்தா, ஒரு பலகை செருகி வச்சிருக்கு. எங்க பழைய கட்டில் சட்டம். அதுல வரிசையா நிறம் போட்டுப் போட்டுப் பாத்திருக்கா.

இந்தாருங்க, பையிலதான் சுத்திக் கொண்டாந்திருக்கேன். இதான். கொஞ்சம் பேப்பரைப் பிடிங்க, பிரிக்கேன்.

பாருங்க. ஒண்ணு ரெண்டா இருந்தா பரவால்ல, இத்தனை இருக்கு. இது மழை பேஞ்ச செவப்புத் தேரிமண்ணு மாதிரி இருக்கா? இது பனங்கற்கண்டு. இது நவாப்பழம் தின்ன நாக்கு. இது பாருங்க, பக்கத்துல வச்சாத்தான் தெரியுது, அதே நவாப்பழம்தான், ஆனா உள்ள கொஞ்சம் சேப்பு ஓடுது. இது கடல்ல ஆழமான எடம் மாதிரி ஒரு நீலம். அதுக்கடுத்தது அதே நீலத்துக்கு அடியில மரத்தோட வரி தெரியுது, இங்கன, ரேகை மாதிரி. முதல்ல பாத்தப்ப எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் இருந்துச்சு. சாப்பாட்டு மேசையில சாத்தி வச்சுச் சாப்பிடும்போதும் பாத்தேன், டி.வி. பாக்கும்போதும் பாத்தேன். இப்பத்தான் ஒவ்வொண்ணும் வேற வேறன்னு தெரியுது. ஆனா எதை அதுல போட்டா? அதுதான் தெரியல. ஒரு டிக்கு மார்க்காவது போட்டு வச்சிருக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல வேலை பாக்கவ!

அதனால உங்ககிட்டக் கேக்கேன். நீங்க ஒரு வெளியாளு. உங்களுக்கு எது நல்லாருக்குன்னு தோணுது? ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. நான் நேரா போய், "இதான் நிறம், வா போவோம்"னு சொல்லிப்புடுதேன். சரியா இருந்தாச் சரி.

என்ன சொன்னீங்க?

தெரியாதுன்னு சொல்லிரவா?

ஏன் அண்ணாச்சி, நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தோம்? தெரியாதுன்னு சொல்லவா நான் இவ்வளவு தூரம் போறேன்? ஒரு வீட்டுல, ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு, அவ மாசக்கணக்கா மேல நின்னு செஞ்சதை நான் பாக்கவே இல்லன்னு என் வாயால சொல்லவா? வின்ஸு முன்னாடி? கெசியா முன்னாடி? அதுக்கு நான் பாளையங்கோட்டையிலயே கெடந்துருவேனே! கொசுவலை இருக்கு, கேட்டு இருக்கு, எனக்கு என்ன கொறைச்சல்? நல்ல யோசனை சொல்லுதீங்க! போங்க அங்கிட்டு.

…

கோவிச்சுக்கிடாதீங்க. என் சத்தமே அப்படித்தான்.

கண்டக்டரு, நாகர்கோவில்தாம்யா, டிக்கெட்டு எடுத்தாச்சு, எத்தனை தடவை கேப்பீரு?

ஆரல்வாய்மொழி வந்துட்டா? மலை தெரியுதே. கரண்டு எடுக்க காத்தாடியெல்லாம் சுத்துது. இந்த எடத்துல மட்டும் பஸ்ஸுக்குள்ள வெயிலு எப்படித்தான் வருமோ, கண்ணு கூசுது.

இருங்க. இருங்க அண்ணாச்சி, நகராதீங்க. இந்தப் பலகையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுங்க. வெயிலு படட்டும். இந்த நீலத்தைப் பாருங்க. இந்த ரேகையைப் பாருங்க, அடியில தங்கம் கணக்கா ஓடுதே. தண்ணிக்குள்ள ஏதோ நகருத மாதிரில்லா இருக்கு? இப்படி ஆட்டினா அங்க போகுது, இப்படி ஆட்டினா இங்க வருது. வீட்டுல இப்படி இல்லையே. இப்படி இல்லவே இல்லையே அண்ணாச்சி. சவத்தை, இத்தனை நாளும் ட்யூப்லைட்டு வெளிச்சத்துலல்லா வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.